கம்பெனி காசுல ஹெல்த் செக்கப்: அதுக்கும் வரியா?



“சார், கம்பெனிதான் ஆஸ்பத்திரியோட பேசி மாஸ்டர் ஹெல்த் செக்கப் ஏற்பாடு பண்ணாங்க. நான் கையிலிருந்து ஒரு ரூபாய் தரல. இப்போ ஃபார்ம் 16 கூட வந்த 12பிஏ-வில் 5,000 ரூபாய் ‘இதர சலுகை’ன்னு ஏத்தி வச்சிருக்காங்க. ரத்தம் குடுத்ததும் நான், வரி கட்டுறதும் நானா?”

ரிட்டர்ன் தாக்கல் சீசனில் சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் எங்கள் ஆபீஸுக்கு வரும் தம்பி தங்கைகளிடமிருந்து இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. பெங்களூரு, சென்னை கம்பெனி வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே என்று இருப்பவர்கள்தான் அதிகம். வீடியோவில் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் கணக்கும் சட்டமும் எழுத்தில் இருந்தால்தான் ஹெச்.ஆரிடம் காட்டிப் பேச முடியும் என்பதால் இந்தப் பதிவு. இதில் வரும் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 1961-ம் வருடத்து வருமான வரிச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்து பிரிவு எண்களும் விதி எண்களும் மாறுகின்றன. அதனால் அடுத்த வருடக் கணக்குக்கு இந்த எண்களை அப்படியே தூக்கிப் போட்டுவிடாதீங்க.

5,000 ரூபாய்க்கு என்ன பெரிய வரி வந்துவிடப் போகிறது என்று நினைக்கலாம். பலருக்கு உண்மையிலேயே பூஜ்யம்தான். சிலருக்கு 780 ரூபாய். ஒரு சின்னக் கூட்டத்துக்கு மட்டும் 5,200 ரூபாய். ஆமாங்க, டெஸ்ட்டைவிட வரி அதிகம். அந்தக் கணக்கிலிருந்தே ஆரம்பிப்போம்.

5,000 ரூபாய் டெஸ்ட்டுக்கு 5,200 ரூபாய் வரி

புதிய வரிமுறையில் சம்பளக்காரருக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 ரூபாய். அதைக் கழித்த பிறகு வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ ரிபேட்டால் வரி பூஜ்யம். அதனால்தான் 12,75,000 சம்பளம் வரை வரி கிடையாது என்கிறோம்.

உங்கள் சம்பளம் சரியாக 12,75,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 5,000 ரூபாய் டெஸ்ட் ஏறுகிறது. மொத்தம் 12,80,000. 75,000 போனால் 12,05,000. ரிபேட் எல்லையைத் தாண்டியாச்சு. ஸ்லாப்படி போட்டால் 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. மீதி 5,000-க்கு 15 சதவீதம், 750. ஆக 60,750. ஐயாயிரத்துக்காக அறுபதாயிரம் கட்டச் சொல்வது அநியாயம் என்பதால் மார்ஜினல் ரிலீஃப் என்று ஒன்று இருக்கிறது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு போனதோ அதற்கு மேல் வரி போகக்கூடாது. ஆகவே வரி 5,000. அதன் மேல் 4 சதவீதம் செஸ், 200. மொத்தம் 5,200.

இந்தக் குறுகிய பாதை சம்பளக் கணக்கில் 12,75,000-இலிருந்து ஏறக்குறைய 13,45,000 வரை நீளுகிறது. இதற்குள் நிற்பவர்களுக்குக் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் நாலு பைசா வரி. அதைத் தாண்டி 15 சதவீத ஸ்லாப்பில் இருப்பவருக்கு அதே டெஸ்ட்டுக்கு 780 ரூபாய், 30 சதவீதத்தில் இருப்பவருக்கு 1,560. சம்பளம் 11 லட்சம் என்றால் 12பிஏ-வில் என்ன ஏறினாலும் உங்களுக்குக் கவலையில்லை, போய் வேலையைப் பாருங்க. ஆனால் 13 லட்சத்துப் பக்கம் இருப்பவர் மேற்கொண்டு படிப்பது நல்லது. அந்த 5,000 அங்கே இருக்க வேண்டுமா என்பதே கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது

சம்பளத்துக்கு மேல் கம்பெனி உங்களுக்குப் பொருளாகவோ சேவையாகவோ தரும் பலனுக்குப் பெயர் பெர்க்விசிட். பிரிவு 17(2) எதெல்லாம் பெர்க்விசிட் என்று வரிசையாகச் சொல்கிறது. அதில் நமக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று, நீங்கள் கட்ட வேண்டிய கடமையைக் கம்பெனி கட்டினால் அது பெர்க்விசிட். இன்னொன்று, வேறு எதிலும் அடங்காத ‘இதர சலுகை’ எல்லாம் பெர்க்விசிட். அதன் மதிப்பு கம்பெனிக்கு ஆன செலவு என்று விதி 3 சொல்கிறது.

இவ்வளவு அகலமாக வலை வீசிவிட்டு, மருத்துவத்துக்கென்று சில விலக்குகளையும் அதே பிரிவு தருகிறது. கம்பெனியே நடத்தும் மருத்துவமனையில் சிகிச்சை தந்தால் வரி இல்லை. மருத்துவமனை என்றால் டிஸ்பென்சரி, கிளினிக், நர்சிங் ஹோமும் சேர்த்திதான். அரசு மருத்துவமனையிலோ, அரசு தன் ஊழியர்களின் சிகிச்சைக்காக அங்கீகரித்த மருத்துவமனையிலோ நீங்கள் செய்த செலவைக் கம்பெனி திருப்பித் தந்தால் வரி இல்லை. குறிப்பிட்ட நோய்களுக்கு, வருமான வரித் தலைமை ஆணையர் அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தாலும் அப்படியே. ஊழியரின் மருத்துவக் காப்பீட்டுக்குக் கம்பெனி கட்டும் பிரீமியத்துக்கும் வரி இல்லை.

கவனிச்சீங்களா? எல்லா இடத்திலும் வருவது ‘சிகிச்சை’ என்ற சொல். வியாதி இல்லாத ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை போய் எடுக்கும் பரிசோதனையைப் பற்றி இந்த விலக்குப் பட்டியலில் ஒரு வரி கிடையாது. பக்கத்து மருத்துவமனையோ, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேபோ அந்த ‘மருத்துவமனை’ வரையறைக்குள் வருமா என்பதும் அடுத்த கேள்வி. லேப் என்ற சொல் அங்கே இல்லை.

பிரிட்டனில் இந்தத் தலைவலி இல்லை. வருடத்துக்கு ஒரு ஹெல்த் ஸ்கிரீனிங், ஒரு மருத்துவப் பரிசோதனை வரை முதலாளி செலவழித்தால் ஊழியருக்கு வரி கிடையாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் வேலை சம்பந்தமான மருத்துவப் பரிசோதனைக்குத் தனி விலக்கு உண்டு. நம்மிடம் அப்படி ஒரு வரி கொஞ்ச காலம் இருந்தது. பலருக்கும் தெரியாத கதை அது.

2005 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் ஃப்ரிஞ்ச் பெனிஃபிட் டாக்ஸ் என்ற வரியைக் கொண்டுவந்தார். சலுகைக்கான வரியை ஊழியரிடம் வாங்காமல் கம்பெனியிடமே வாங்குவது. ஊழியர் நலச் செலவில் 20 சதவீதத்தைச் சலுகை என்று எடுத்து அதன் மேல் வரி. கம்பெனிகள் கத்தின கத்து கொஞ்சமல்ல. ஆனால் அதே பிரிவில் ஒரு விளக்கக் குறிப்பு இருந்தது: சட்டக் கடமையை நிறைவேற்றவோ, வேலையால் வரும் உடல் ஆபத்தைக் குறைக்கவோ செய்யும் செலவு ஊழியர் நலச் செலவு ஆகாது. 2009-ல் பிரணாப் முகர்ஜி அந்த வரியையே எடுத்தார். சலுகைகள் மறுபடி ஊழியர் தலைக்கு வந்தன. அந்த நல்ல குறிப்பு மட்டும் கூட வரவில்லை, வரியோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது.

இப்போது அதற்கு நேரான வரி சட்டத்தில் இல்லாவிட்டாலும், அதன் நியாயம் பெர்க்விசிட் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் வாதம். 1964-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன எல்.டபிள்யூ. ரஸ்ஸல் வழக்கு இதற்குத் துணை. கோழிக்கோட்டில் ஒரு ஆங்கிலேயக் கூட்டுறவு நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். ஓய்வூதியத் திட்டத்துக்காக நிறுவனம் அறங்காவலர்களிடம் கட்டிய பணத்தை அவருடைய பெர்க்விசிட் என்று வருமான வரி அதிகாரி சேர்த்துவிட்டார். கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பலனின் மேல் ஊழியருக்கு உரிமையே பிறக்காதபோது அதை அவருக்குத் தந்த சலுகை என்று சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மருத்துவப் பரிசோதனை வழக்கு அல்ல அது, நினைவிருக்கட்டும். ஆனால் ‘கம்பெனி செலவு பண்ணுச்சு, அதனால உனக்கு வருமானம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது என்பதற்கு அது போதும்.

டெஸ்ட் யாருக்குத் தேவை?

நான் முதலில் கேட்பது இதைத்தான். பரிசோதனை உங்களுக்குத் தேவையா, கம்பெனிக்குத் தேவையா?

நம்ம ஊரையே எடுத்துக்கொள்வோம். சேலம் சுண்ணாம்புக்கரட்டில் மேக்னசைட் சுரங்கங்கள் இருக்கின்றன. சுரங்கத் தொழிலாளியை வேலைக்கு எடுக்கும்போது ஒருமுறையும், பிறகு ஐந்து வருடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒவ்வொரு முறையும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 1955-ம் வருடத்துச் சுரங்க விதிகளே சொல்லின. செலவு நிர்வாகத்தினுடையது. நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது தொழிலாளிக்குச் செய்யும் உபகாரம் இல்லை. எடுக்காவிட்டால் மாட்டிக்கொள்வது நிர்வாகம். இதில் சலுகை எங்கே இருக்கிறது?

போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான பொருள்களைக் கையாளும் தொழிலாளிக்கு வேலையில் போடும் முன்பும், அதன்பின் 12 மாதத்துக்கு ஒருமுறையாவதும் பரிசோதனை கட்டாயம் ஆனது. உணவுத் தொழிலில் இருப்பவர்களுக்கும் வருடம் ஒருமுறை பரிசோதனை உண்டு. ஓட்டல் கிச்சனில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களே, அந்தச் சான்றிதழ். சேலம் ஜங்ஷனில் ரயில் ஓட்டும் லோகோ பைலட்டைக் கேட்டுப் பாருங்க, பி.எம்.இ. போகாமல் இன்ஜினில் ஏற முடியாது. அது ரயில்வேயின் சொந்த மருத்துவமனையிலேயே நடப்பதால் இரண்டு வழியிலும் விலக்கு.

இந்த வரிசையில் புதிதாக வந்திருப்பது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம், 2020. அதன் 6-வது பிரிவு வருடாந்திரப் பரிசோதனையை இலவசமாகத் தருவதை முதலாளியின் கடமை ஆக்குகிறது. எந்த வயது, எந்தப் பிரிவினர் என்பதை அரசின் விதிகள் சொல்ல வேண்டும். மத்திய அரசு தன் அறிவிப்புகளில் சொல்லிவருவது 40 வயதைத் தாண்டியவர்களை. நம் வாசகர்கள் பலர் இருபதுகளில் இருக்கிறீர்கள், இப்போதைக்கு உங்களைத் தொடாது. ஆனால் டீம் லீடுக்கு 42 வயது இருக்கலாம். அவருக்குக் கம்பெனி செய்யும் பரிசோதனை சட்டக் கடமை, பக்கத்து சீட்டில் உங்களுக்குச் செய்யும் அதே பரிசோதனை நல்ல மனசு. ஒரே லேப், ஒரே ஊசி, வரிப் பார்வை வேறு. சட்டம் போடுகிறவர்கள் ஒரு கையில் தொழிலாளர் சட்டத்தையும் இன்னொரு கையில் வரிச் சட்டத்தையும் வைத்துக்கொண்டு ஒருமுறை பார்த்திருக்கலாம்.

ஐ.டி. வேலைக்குச் சேரும் முன் எடுக்கச் சொல்லும் பரிசோதனை? அதுவும் கம்பெனியின் தேவைதான். உங்களை எடுக்கலாமா என்று அவர்கள் முடிவு செய்வதற்காக அது. பெரும்பாலும் அவர்கள் சொல்லும் லேப், அவர்கள் சொல்லும் டெஸ்ட் லிஸ்ட். நீங்கள் முதலில் கட்டி, பிறகு திருப்பி வாங்கினாலும் அதைச் சம்பளத்தில் சேர்ப்பதில் நியாயம் இல்லை. கம்பெனிக்காகப் போன டாக்ஸிக்கு பில் கொடுத்து வாங்குவது மாதிரி.

எதிர்ப்பக்கத்து உதாரணம் நாமக்கல்லில் இருக்கிறது. லாரி டிரைவரின் லைசென்ஸுக்கு டாக்டர் கையெழுத்துப் போடும் ஃபார்ம் 1ஏ சான்றிதழ் வேண்டும். லைசென்ஸ் டிரைவர் பெயரில். அதை எடுக்க வேண்டிய கடமை அவருடையது. ஓனர் அந்தச் செலவை ஏற்றால், கறாராகப் பார்த்தால் ஊழியரின் கடமையை முதலாளி கட்டிய கதை. அதே ஓனர் தன் டிரைவர்கள் எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை வைத்தால் அது அவருடைய வண்டியின் பாதுகாப்புக்காக. (டிரைவர் சம்பளத்துக்கு வரி வரப் போவதில்லை, அது தனி விஷயம். வித்தியாசம் புரிவதற்காகச் சொன்னேன்.)

பணம் எந்த வழியாகப் போனது?

யாருக்குத் தேவை என்பதற்குப் பதில் தெளிவாக இல்லாத இடத்தில்தான் நம்மில் பலர் இருக்கிறோம். கட்டாயம் இல்லை, ஆனால் கம்பெனி வருடா வருடம் தருகிறது. இங்கே பணம் போன வழி பாதி பதிலைச் சொல்லிவிடும்.

பில் உங்கள் பெயரில், நீங்கள் ஜிபே பண்ணினீங்க, கம்பெனி அடுத்த மாதச் சம்பளத்தோடு திருப்பித் தந்தது. இதுதான் இருப்பதிலேயே பலவீனமான வழி. உங்கள் சொந்தச் செலவைக் கம்பெனி கட்டியதாகத்தான் தெரியும். முன்பு இதற்கு வருடம் 15,000 ரூபாய் வரை விலக்கு இருந்தது. மெடிக்கல் ஷாப் பில்லெல்லாம் சேர்த்து மார்ச் மாதம் கவரில் போட்டுக் கொடுப்போமே, அதேதான். 2018 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி அதை எடுத்துவிட்டார். போக்குவரத்துப் படி 19,200, மருத்துவம் 15,000, இரண்டும் சேர்ந்து 34,200 போனது. பதிலுக்கு 40,000 ரூபாய் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் வந்தது. அதுதான் வளர்ந்து இன்று 75,000. எட்டு வருடம் ஆகியும் “மெடிக்கல் பில் குடுத்தா வரி குறையும்ல சார்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குறையாது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்ற பெயரில் பில் இல்லாமலே அது வந்துகொண்டிருக்கிறது.

விதிவிலக்கு, அரசு மருத்துவமனை. அங்கே கட்டிய பணம் திரும்பி வந்தால், சிகிச்சை என்ற சொல்லைப் பற்றிய சந்தேகம் மட்டும்தான் மிச்சம். டாக்டர் எழுதிக் கொடுத்து எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்றால் அது சிகிச்சையின் ஒரு பகுதி, தைரியமாக விலக்குக் கேட்கலாம். அந்தச் சீட்டைப் பில்லோடு பின் அடித்து வையுங்க. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் 2016-ல் முழு உடல் பரிசோதனைத் திட்டத்தை 1,000, 2,000, 3,000 ரூபாய் என்று தொடங்கினார்கள். தனியார் விலையோடு ஒப்பிட்டால் எவ்வளவு மலிவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தனியார் மருத்துவமனையை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிட வேண்டாம். அரசு ஊழியர்களுக்கான அங்கீகாரப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பில்லிங் கவுண்டரிலேயே கேளுங்க.

அடுத்த வழி, கம்பெனியே மருத்துவமனையுடன் ஒப்பந்தம் போட்டு, பில் கம்பெனி பெயரில் போய், கம்பெனி கணக்கிலிருந்தே பணம் கட்டுவது. உங்கள் கையில் பணம் வரவில்லை. எல்லா ஊழியர்களுக்கும் ஒரே மாதிரி, வேண்டாமென்றால் அதற்குப் பதில் பணம் கிடையாது, ‘வேலைக்குத் தகுதி’ என்ற சான்று ஹெச்.ஆர். ஃபைலுக்குப் போகிறது என்றால், இது கம்பெனியின் தொழில் செலவு என்ற வாதம் பலமாக நிற்கும். பல கம்பெனிகள் இந்த நியாயத்தில்தான் 12பிஏ-வில் காட்டுவதில்லை. சில கம்பெனிகளின் ஆடிட்டர்கள் ‘சட்டத்தில் விலக்கு எழுதி இல்லையே’ என்று ‘இதர சலுகை’யில் போட்டுவிடுகிறார்கள். அவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். டிடிஎஸ் குறைவாகப் பிடித்தால் வட்டியும் நோட்டீஸும் கம்பெனிக்குத்தான் வரும். ஆனால் மேலாளர்களுக்கு மட்டும் 25,000 ரூபாய் எக்ஸிக்யூடிவ் பேக்கேஜ் என்றால் தொழில் தேவை என்ற வாதம் நொண்டும். அதைச் சலுகை என்றுதான் நானும் சொல்வேன்.

மனைவி, அம்மா, அப்பாவுக்கும் சேர்த்துக் கம்பெனி பரிசோதனை செய்து கொடுத்தால்? நல்ல கம்பெனி, விட்டுடாதீங்க. ஆனால் உங்கள் அம்மாவின் சர்க்கரை அளவு தெரிவதால் கம்பெனிக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. சொந்த மருத்துவமனையிலோ, அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் நடந்த சிகிச்சையாகவோ இருந்தால் தவிர, குடும்பத்துக்கான பங்கு பெர்க்விசிட் என்றே வைத்துக்கொள்ளுங்க. உங்கள் பங்கையும் குடும்பத்தின் பங்கையும் 12பிஏ-வில் ஒன்றாகக் குழப்பியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்க.

சொந்த மருத்துவமனை உள்ள இடங்களில் கதை எளிது. பெரிய பொதுத்துறை ஆலை என்றால் அங்கேயே பரிசோதனை, அங்கேயே மருந்து. ஐ.டி. வளாகத்துக்குள் கம்பெனியே நடத்தும் கிளினிக் இருந்தால் அதுவும் இந்த விலக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். மருத்துவமனை தன் விளம்பரத்துக்காக ஆபீஸில் வந்து இலவசமாக பி.பி., சுகர் பார்த்துவிட்டுப் போகும் கேம்ப் என்றால் கம்பெனிக்குச் செலவே இல்லை. செலவு பூஜ்யம், மதிப்பும் பூஜ்யம்.

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே சுத்தமான வழி குரூப் மெடிக்கல் பாலிசி. கம்பெனி கட்டும் பிரீமியத்துக்குப் பெயர் சொல்லியே விலக்கு இருக்கிறது. வருடாந்திரப் பரிசோதனையையும் அந்தப் பாலிசிக்குள் ஒரு பலனாகச் சேர்த்துவிட்டால், பரிசோதனைக்குப் பணம் கட்டுவது இன்ஷூரன்ஸ் கம்பெனி. உங்கள் முதலாளி கட்டியது பிரீமியம் மட்டுமே. ரினீவல் சமயத்தில் ஹெச்.ஆர். ‘என்ன சேர்க்கலாம்’ என்று சர்வே அனுப்புவார்கள். பெரும்பாலோர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இதை எழுதி அனுப்புங்க.

பே-ஸ்லிப்பில் ‘வெல்னஸ் அலவன்ஸ்’

இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சி.டி.சி.யில் மாதம் 1,000 ரூபாய் ‘வெல்னஸ் அலவன்ஸ்’ அல்லது ‘ஹெல்த் வாலட்’ என்று போட்டிருப்பார்கள். டெஸ்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உங்களுக்கு வரும் பணம் என்றால் அது முழுசாகச் சம்பளம். பில் கொடுத்தாலும் வரி உண்டு. பெயரில் ஹெல்த் இருப்பதால் விலக்கு வராது. ஆஃபர் லெட்டரில் இதைப் பார்த்து ‘12,000 வரி இல்லாத பணம்’ என்று மனக்கணக்குப் போடாதீங்க.

80டி பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வரிமுறையில் இருப்பவர்கள், தனக்கும், மனைவி அல்லது கணவருக்கும், குழந்தைகளுக்கும், பெற்றோருக்கும் எடுத்த தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிக்கலாம். 80டி-யின் மொத்த உச்சவரம்புக்குள் அடங்கியது அது, தனியாக அல்ல. பிரீமியத்தைப் பணமாகக் கட்டினால் கழிவு இல்லை, பரிசோதனைக்கு மட்டும் ரொக்கமாகக் கட்டினாலும் செல்லும். ஆனால் செலவு உங்களுடையதாக இருக்க வேண்டும். கம்பெனி நேரடியாகக் கட்டியதை நீங்கள் 80டி-யில் காட்டக் கூடாது. நீங்கள் கட்டி, கம்பெனி திருப்பித் தந்து, அதை உங்கள் சம்பளமாகச் சேர்த்து வரியும் பிடித்துவிட்டார்கள் என்றால், அப்போது அது உங்கள் காசில் எடுத்த பரிசோதனைதானே? 80டி கேட்கலாம் என்பது என் கருத்து. புதிய வரிமுறையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

12பிஏ-வில் ஏறிவிட்டால்

முதலில் தொகையைப் பாருங்க. கணக்கில் வர வேண்டியது கம்பெனிக்கு ஆன செலவு, மருத்துவமனை போர்டில் மாட்டியிருக்கும் விலை அல்ல. 8,000 ரூபாய் பேக்கேஜை ஒப்பந்தத்தில் 3,000-க்கு வாங்கியிருந்தால் மதிப்பு 3,000. நீங்கள் 500 ரூபாய் பங்கு கட்டியிருந்தால் 2,500. சம்பளப் பிரிவு கிளார்க் வெப்சைட் விலையைப் பார்த்து 8,000 என்று போட்டுவிட வாய்ப்பு இருக்கிறது.

அடுத்து, ஹெச்.ஆருக்கு ஒரு மெயில். சண்டை போடுகிற தொனி வேண்டாம். “இந்தப் பரிசோதனை கம்பெனி பாலிசிப்படி கட்டாயம், பில் கம்பெனி பெயரில், எனக்குப் பணமாக எதுவும் வரவில்லை, ஆகவே பெர்க்விசிட்டில் சேர்த்ததை மறுபரிசீலனை செய்யவும்” என்று நாலு வரி. பரிசோதனைக்குக் கூப்பிட்ட மெயிலை இணைத்து அனுப்புங்க, ‘கட்டாயம்’ என்ற வார்த்தை அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒத்துக்கொண்டால் அவர்கள் டிடிஎஸ் ரிட்டர்னைத் திருத்தி, புது ஃபார்ம் 16 தர வேண்டும். அதற்கு வாரக் கணக்கில் ஆகும். ஜூலை கடைசி வாரத்தில் போய் நிற்காதீங்க, ஃபார்ம் 16 கைக்கு வந்த அன்றே பாருங்க.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? ஃபார்ம் 16-ல் ஒரு தொகை, ரிட்டர்னில் குறைந்த தொகை என்று நீங்களாகப் போட்டால், கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்து விளக்கம் கேட்க வாய்ப்பு அதிகம். 780 ரூபாய்க்காக அந்த வழியில் போக வேண்டாம் என்பேன். கட்டிவிட்டு, அடுத்த வருடத்துக்குப் பாலிசியை மாற்றச் சொல்லுங்க. 5,200 ரூபாய்க்காரர்கள், அதாவது அந்த 12.75 முதல் 13.45 லட்சம் வரை இருப்பவர்கள், ஹெச்.ஆரோடு நிறுத்தாமல் ஃபைனான்ஸ் டீம் வரை போய்ப் பேசுங்க. ஒரே பேக்கேஜுக்குப் பக்கத்து சீட்டுக்காரர் பூஜ்யம் கட்ட நீங்கள் 5,200 கட்டுவதை அந்தக் கணக்கோடு எழுதிக் காட்டினால் ஃபைனான்ஸ் ஆட்களுக்கு உடனே புரியும்.

இன்னொன்று. வரி விலக்குக்காக ரிப்போர்ட்டைக் கேட்கிறார்கள் என்று சொல்லி முழு ரத்தப் பரிசோதனை முடிவையும் ஹெச்.ஆர். மெயிலுக்கு அனுப்பிவிடாதீங்க. கணக்குக்கு வேண்டியது பில், பணம் கட்டிய ரசீது, தேவைப்பட்டால் டாக்டர் சீட்டு. உங்கள் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பது ஃபார்ம் 16-ல் எந்தக் கட்டத்திலும் வராது.